எதிர்காற்றும் எட்டுக் கிலோமீட்டரும்



சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள் என்று வாசகர் வட்டத்துச் செயலாளர் கேட்டபோது ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டேன். சைக்கிள் என்றதும் நம் ஊரில் இரண்டு பேச்சுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள், குரங்குப் பெடல், முட்டியில் சிராய்ப்பு என்று போகும். இன்னொன்று, கொழுப்பு குறையும், புகை குறையும், டென்மார்க்கைப் பாருங்கள் என்று போகும். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி ஷிப்டுக்கு ஏழேகாலுக்கே தூக்குப்போசியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மிதிக்கிறாரே ஒருவர், அவர் இந்த இரண்டு பேச்சிலும் வருவதில்லை. அவருக்குப் பழைய நினைவும் இல்லை, பூமியைக் காப்பாற்றும் எண்ணமும் இல்லை. நேரத்துக்குள் கேட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். அவரைப் பற்றி மட்டும் பேசுவதென்றால் வருகிறேன் என்றேன். செயலாளரும் சரி என்றார்.

நான் இருகூர்க்காரன். பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்புத் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றேன். போக ஏழெட்டுக் கிலோமீட்டர், வர அதே அளவு. பணிக்காலத்தில் பெரும்பகுதி சைக்கிள்தான்.

இந்தத் தூரத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம், கோயம்புத்தூர் சமதளமான ஊர் இல்லை என்பது. வண்டியில் போகிறவர்களுக்கு இது தெரியாது. நொய்யல் எங்கே புறப்படுகிறது? வெள்ளியங்கிரி மலையில். எங்கே போகிறது? கிழக்கே, திருப்பூர் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறதென்றால் நிலமும் அப்படித்தானே சாய்ந்திருக்க வேண்டும்! கோவை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், திருப்பூர் ஏறத்தாழ 300. இருகூரிலிருந்து மேற்கே மிதிப்பவன் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறான். கண்ணுக்குத்தான் தெரியாது, தொடைக்குத் தெரியும்.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு பெரிய இடைவெளி இருப்பதும், அதற்கு நேர் எதிரில் நம் ஊர் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, சைக்கிள்காரன் நின்றுபோவான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். அதே வேகத்தில் காற்று எதிரே வந்தால், முகத்தில் மோதுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஆகவே எதிர்ப்பு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. இயற்பியல் வாத்தியார்கள் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்கள். எங்களுக்கு மேற்கே திரும்பும்போதே புரிந்துவிடும்.

மூன்றாவது வெயில். இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. காலையில் கிழக்கிலிருந்து மேற்கே போகிறவனுக்குச் சூரியன் முதுகில் இருக்கும். மாலையில் மேற்கிலிருந்து கிழக்கே திரும்பும்போதும் முதுகில்தான். ஊருக்குக் கிழக்கே குடியிருந்து மேற்கே வேலை பார்ப்பவன் கண் கூசாமலே காலம் தள்ளலாம். வடவள்ளியிலோ பேரூரிலோ குடியிருந்து சிங்காநல்லூர்ப் பக்கம் வேலைக்கு வருகிறவருக்குக் காலையிலும் முகத்தில் வெயில், மாலையிலும் முகத்தில் வெயில். அது மட்டுமா? காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கமும் பின்காற்றும். மாலையில் எட்டு மணி நேரம் நின்று களைத்த காலுக்கு ஏற்றமும் எதிர்காற்றும். பொதுவாக இந்தக் காற்று காலையைவிடப் பிற்பகலில்தான் வலுக்கும். என்னோடு வேலை செய்த ஒரு மோல்டர் குனியமுத்தூர்க்காரர். ஆடி மாசம் வந்தால், "உங்களுக்கென்னங்க, சாயங்காலம் காத்தே ஊட்டுல கொண்டுபோய் உட்டுரும்" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவர் சொன்னது உண்மை. பல மாலைகளில் மிதிக்காமலே ஒண்டிப்புதூரைத் தாண்டியிருக்கிறேன். வீடு பார்க்கும்போது வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்பார்கள். சைக்கிளில் போகிறவன் காற்றையும் வெயிலையும் கேட்டுக்கொண்டு முன்பணம் கொடுப்பது நல்லது. இதெல்லாம் பகல் ஷிப்டுக்குத்தான். இரண்டாம் ஷிப்டு போட்டுவிட்டால் கணக்கு தலைகீழ். உச்சி வெயில் சாயும் நேரத்தில் மேற்கே பார்த்து, காற்று முழு வேகத்தில் இருக்கும்போது மிதிக்க வேண்டும்.

எதிர்காற்றுக்கு ஒரு வைத்தியம் இருந்தது. கூட்டமாகப் போவது. முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம். பந்தயச் சைக்கிள்காரர்கள் இதையே பெரிய வித்தையாகச் செய்கிறார்கள். எங்களில் யாரும் அதைச் சொல்லிக் கொடுத்துக் கற்கவில்லை. வயதானவர் தானாகப் பின்னால் போய்விடுவார், இளவட்டம் முன்னால் வரும். கல்யாணப் பேச்சு, சீட்டுப் பேச்சு, சங்கப் பேச்சு, போனஸ் எவ்வளவு விழுக்காடு என்ற பேச்சு எல்லாம் அந்த வரிசையில்தான் நடந்தது. ஒரு மில் தொழிலாளிக்கும் ஒரு பவுண்டரித் தொழிலாளிக்கும் நட்பு வருவதற்கு அந்தச் சாலையை விட்டால் வேறு இடமும் கிடையாது. இந்த ஊரில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. பைக்காரா மின்சாரம் 1930களில் வந்ததும் திருச்சி ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் ஆலைகள் முளைத்தன. சங்கு ஊதுகிற நேரத்தில் அந்த ஆலைகளின் வாசலில் சைக்கிள்கள் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பத்து நிமிஷத்துக்கு ரோடு அவர்களுடையது. பஸ்காரர் ஓரமாக நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைப்பார்.

அந்தச் சைக்கிளுக்கு ஒரு மரியாதை இருந்தது. தீபாவளி போனஸில் வாங்கியது, அல்லது கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுச் சீர். சென்னையில் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸோ பி.எஸ்.ஏ.வோ வாசலில் நின்றால் அது வீட்டுக்கு ஓர் அடையாளம். பிரேமில் சுற்றியிருந்த காகிதத்தைப் பல மாதம் பிரிக்கவே மாட்டார்கள். செயின் கவரில் பெயர் எழுதுவார்கள். நகராட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடிப்பார், வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். அபராதத்தைவிட அது கொடுமை. ராத்திரி நேரத்தில் பஞ்சர் கடையும் இருக்காது, தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடக்க வேண்டும். வில்லையும் போயிற்று, விளக்குச் சட்டத்தைப் பார்ப்பாரும் போயினர். இப்போது மூன்றாம் ஷிப்டு முடிந்து கறுப்புச் சைக்கிளில், கறுப்புப் பேண்டில், பின்னால் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர்கூட இல்லாமல் வருகிறவரைப் பார்க்கும்போது, காற்றைப் பிடுங்கிய அந்தப் போலீஸ்காரர்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைகிறது.

இயந்திரத்தைப் பற்றி ஒரு டர்னர் பேசாமல் இருந்தால் தப்பு. பேச விட்டால் இரவு பத்து ஆகும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தினசரி வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு எதிரி பஞ்சர் அல்ல. பஞ்சர் என்பது உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டால் பத்து நிமிஷத்தில் தீர்கிற காரியம். எதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிற இறுக்கம். சக்கரத்தில் லேசான கோட்டம், பிரேக் கட்டை ரிம்மில் ஒரு பக்கம் உரசுவது, பால்ரஸில் கிரீஸ் காய்ந்தது, காற்றுக் குறைவு. இவை ஒவ்வொன்றும் சிறிது. அத்தனையும் சேர்ந்தால் வருஷம் முழுவதும் சின்ன எதிர்காற்றில் ஓட்டுகிற மாதிரி. ஆனால் ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. தனக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொள்வான். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் சைக்கிளை வாங்கியதும் முதலில் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, "இதை மிதிச்சுட்டா வந்தீங்க?" என்பார். ஓவராயில் செய்து எடுத்த மறுநாள் காலையில் பத்து வயது குறைந்திருக்கும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் அவர் கணக்கைத் தீர்ப்பது எல்லோருக்கும் வழக்கம். மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி மாலைகளில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்காது. கம்பிப் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் தன்பாட்டில் போகும். செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் பிரேக்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மேடு, காற்று, வெயில், இறுக்கம் இதையெல்லாம் இவ்வளவு நேரம் அளந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் ஊரைக் காலால் அளக்கிறான். கூடுதலாக நூறு மீட்டர் என்றால் அவன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். காரில் போகிறவருக்கு அரைக் கிலோமீட்டர் சுற்று என்பது பாட்டில் பாதிகூட ஆகாது. ஆனால் சாலையைப் போடுகிற மேசையில் இரண்டு பேருடைய அரைக் கிலோமீட்டரும் ஒரே அரைக் கிலோமீட்டர்தான். இந்த ஒரு தப்புக் கணக்குதான், என் அபிப்பிராயத்தில், சைக்கிளை ரோட்டிலிருந்து விரட்டியது. சோம்பேறித்தனம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

நம் ஊரையே பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். நெரிசல் குறைந்தது என்று பாராட்டும் வந்தது, வண்டிகளுக்கு உண்மையிலேயே குறைந்தது. நேரே குறுக்கே கடந்துகொண்டிருந்த சைக்கிள்காரன் என்ன ஆனான்? இடது பக்கம் திரும்பி, யூ-டர்ன் வரைக்கும் போய், வலது ஓரத்துக்கு வருவதற்காக ஓடுகிற பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் கைகாட்டி வெட்டி, திரும்பி, மறுபடியும் இடது ஓரத்துக்கு வெட்டி வர வேண்டும். போவதற்கு ஒரு தடவை, வருவதற்கு ஒரு தடவை. அதனால் அவன் என்ன செய்கிறான்? தடுப்புச் சுவர் தாழ்வாக இருக்கிற இடத்தில் சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைக்கிறான். அல்லது எதிர்த்திசையில் ஓரமாக வருகிறான். நாம் காருக்குள் இருந்துகொண்டு, "இவனுகளுக்கு ரூல்ஸே தெரியாது" என்கிறோம். எந்த ரூல்ஸ் அவன் காலைக் கேட்டுப் போட்டது? இதை நான் ரூல்ஸை மீறச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. எதிர்த்திசையில் வருவது ஆபத்து, அதில் சந்தேகமில்லை. நாட்டில் ஆண்டுதோறும் சாலை விபத்தில் சாகிற சைக்கிள்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஆபத்து என்று தெரிந்தும் தினமும் ஒருவன் அதைச் செய்கிறான் என்றால், ரோடு அவனை என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டாமா?

அவினாசி ரோட்டின் மேல் பத்துக் கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்திருக்கிறது. ஜி.டி. நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். சந்தோஷம். மேலே போகிறவர்கள் பத்து நிமிஷத்தில் போகிறார்கள். அந்தப் பாலம் சைக்கிளுக்கு இல்லை, அதில் வருத்தமும் இல்லை. கீழே இருக்கிற ரோட்டில் இனி நெரிசல் குறையும்தானே, அந்த ரோட்டின் ஓரத்தில் இரண்டு முழம் யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஓரம் என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாம் ரோடு என்று சொல்வது வேறு, சைக்கிள்காரன் ஓட்டுகிற ரோடு வேறு. அவனுடையது இடது ஓரத்தில் ஒரு இரண்டடிப் பட்டை. ஊரில் வேண்டாதது எல்லாம் வந்து ஒதுங்குகிற இடமும் அதுதான். எம்-சாண்ட் லாரி சிந்திய மணல், உடைந்த கண்ணாடி, மழைத்தண்ணீர், நிறுத்தி வைத்த கார், அந்தக் காரின் கதவைப் பின்னால் பார்க்காமல் திறக்கிற ஐயா. சாக்கடை மூடியின் கம்பிகளைச் சில இடங்களில் சக்கரம் போகிற திசையிலேயே நீளவாக்கில் வைத்திருப்பார்கள். மெல்லிய டயர் உள்ளே இறங்கினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே. எல்லாவற்றையும்விட மோசமானது தார் விளிம்பு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டு, ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. ஓரத்து மண் கீழேயே நிற்கிறது. நடுவில் ஒரு படி. பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடிக்கிறார், நீங்கள் மண்ணில் இறங்குகிறீர்கள். இறங்குவது சுலபம். பஸ் போனபின் சாய்வாக ஏற முயன்றால் முன்சக்கரம் விளிம்பை உரசி வழுக்கும், ஆள் ரோட்டின் பக்கமே விழுவார். பின்னால் அடுத்த வண்டி வரும். அனுபவப்பட்டவர்கள் ஏற முயலவே மாட்டார்கள். நின்று, இறங்கி, தூக்கி வைத்து, மறுபடி மிதிப்பார்கள். நின்று கிளம்புவதுதான் சைக்கிளில் மிகப் பெரிய செலவு. ஏழெட்டுக் கிலோமீட்டரில் எத்தனை தடவை நிற்க வைக்கிறீர்கள் என்பதில்தான் அந்த ரோட்டின் தரம் இருக்கிறது.

சைக்கிளை விரட்டியதில் ரோட்டுக்கு ஒரு பங்கு என்றால், வண்டிக்கும் ஒரு பங்கு உண்டு. முதலில் டி.வி.எஸ். 50 வந்தது. 1980இல் வந்த அந்த வண்டியை நான் பழிக்கமாட்டேன். பால்காரருக்கும் விவசாயிக்கும் இடுப்பு ஒடியாமல் காப்பாற்றியது அது. பிறகு பைக், தவணை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல். இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1970களில் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர் காரில் உட்கார்ந்திருக்கிற நேரத்தோடு, அந்தக் காருக்காகச் சம்பாதிக்கிற நேரத்தையும் சேர்த்தால், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஆகிறது. அதில் அவர் போகிற தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை, சைக்கிள் வேகத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று வாதிடலாம். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் எடுக்கிற பைக்குக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத் தவணையையும் பெட்ரோலையும் கூட்டி, ஒரு மணி நேரக் கூலியால் வகுங்கள். அந்த விடையை வண்டி மிச்சப்படுத்துகிற நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வேலை என்றால் பல பேருக்கு நஷ்டக் கணக்குதான் வரும். இருபது கிலோமீட்டர் என்றால் வண்டி ஜெயிக்கும், அதையும் மறைக்கக் கூடாது. ஆலைகள் மூடி, வேலை ஊருக்கு வெளியே போய், வாடகை ஏறி, வீடு இன்னொரு திசையில் போனபின் பல பேருக்குச் சைக்கிள் தூரம் என்பதே இல்லாமல் போனது. திருப்பூர்ப் பனியன் கம்பெனி வேன்கள் விடிகாலையில் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றுவது அதனால்தான்.

வேனில் போகிறவர் வேன் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், வேன் நேரத்துக்குத் திரும்ப வேண்டும். சைக்கிள் வைத்திருப்பவர் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி அதை மிதித்துச் சரிக்கட்டலாம், திரும்புகிற வழியில் காய்கறி வாங்கலாம், பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரத்தின் மதிப்பு ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கற்றவர்களில் கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் இருந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்தார். அதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாக இருந்ததால் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். எடுத்தபின் சிலர் அதையே விரும்பினார்கள், ஏனென்றால் நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். கடைக்காரர் எதைப் பெண்களுக்கு என்று விற்றாரோ அதைவிட வேலைக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கு என்று தொடங்கிய அரசின் விலையில்லாச் சைக்கிள் 2005-06இல் எல்லா மாணவ மாணவியருக்குமாக விரிந்தது. பிளஸ் ஒன்னில் வாங்கிய அந்தச் சைக்கிளை, பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அப்பாவோ அம்மாவோ வேலைக்கு எடுத்துப்போவதை நம் தெருக்களில் பார்க்கலாம். அரசு ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது, இரண்டு தலைமுறை ஓட்டுகிறது.

கடைசியாக நடந்து முடிந்த 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டுக் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டில் சைக்கிள் இருந்தது, மோட்டார் இருசக்கர வாகனம் 21 விழுக்காட்டில், கார் 4.7 விழுக்காட்டில். விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்போலச் சைக்கிளில் போனார்கள். பைக்கில் போனவர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குப் பின் ரோட்டில் என்னென்னவோ மாறியிருக்கும். ஆனால் சைக்கிள் செத்துப்போனது என்கிறவர்கள் காலை ஆறரை மணிக்குக் கணபதி பவுண்டரிகள் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள், கைமாறிக் கைமாறி வந்த பழைய சைக்கிள்களில் இரண்டிரண்டு பேராகப் போகிறார்கள். ஒருவர் மிதிக்கிறார், கேரியரில் இருப்பவரும் பின்னாலிருந்து காலை நீட்டி அதே பெடலை மிதிக்கிறார். நாங்கள் விட்ட இடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கடைக்காரர் இந்தியில் கணக்குச் சொல்லப் பழகிவிட்டார்.

இவர்களுக்கு வாக்கு இங்கே இல்லை. மனுக் கொடுக்க மொழியும் இல்லை. அதனால் இவர்களுடைய ரோட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஸ் கோர்ஸில் லட்ச ரூபாய்ச் சைக்கிளில், தலைக்கவசத்தோடு சுற்றுகிறவர்களை எல்லோரும் நின்று பார்க்கிறோம். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று குரல் கொடுக்கிறவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்தக் குரல் பூங்காவைச் சுற்றியே நின்றுவிடுகிறது, பவுண்டரி வாசல்வரை வருவதில்லை. அதே மனிதர் திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் காரில்தான் போகிறார். போக முடியாமல் இல்லை, போனால் வாட்ச்மேன் கேட்டில் நிறுத்துவார். வணிக வளாகங்களில் கார் நிறுத்தப் பல மாடி கட்டுகிறார்கள். சைக்கிளை நிறுத்த இடம் கேட்டுப் பாருங்கள், ஜெனரேட்டருக்குப் பின்னால் கை காட்டுவார்கள். பெண் பார்க்கும் இடத்தில், "பையன் வேலைக்கு எதுல போறாருங்க?" என்று ஒரு கேள்வி வருமே, அதற்குச் சைக்கிள் என்று பதில் சொல்லக்கூடிய தைரியசாலி ஒருவரை எனக்குக் காட்டுங்கள். 2006இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, ரோட்டை வண்டிகளுக்கு அல்ல, மனிதர்களுக்குப் பங்கிட வேண்டும் என்றது. இருபது வருஷமாக அது காகிதத்தில் நன்றாக இருக்கிறது.

பெரிய திட்டங்களை நான் கேட்கவில்லை. ஐரோப்பாவையும் கேட்கவில்லை. தடுப்புச் சுவரில் சந்திப்புக்குச் சந்திப்பு ஒரு சைக்கிளும் ஒரு ஆளும் போகிற அகலத்துக்கு இடைவெளி. அந்த இடத்தில் வண்டிகளை மெதுவாக்குகிற ஏற்பாடு. தார் போடுகிறவர்கள் விளிம்பில் மண்ணைக் கெட்டித்துச் சமமாக்கிவிட்டுப் பில் போடுவது. சாக்கடைக் கம்பியைக் குறுக்காகத் திருப்பி வைப்பது. ரயில்வே சுரங்கப்பாதைகளில் எரிகிற விளக்கு. இவற்றுக்குக் கோடிகள் வேண்டாம். எங்கெங்கே என்ற பட்டியல்தான் வேண்டும், அந்தப் பட்டியல் தினமும் மிதிக்கிறவர்களிடம் இருக்கிறது.

அதனால்தான் வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நீங்களோ, உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர்களோ, உங்கள் பட்டறைப் பையன்களோ தினமும் எந்த இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தூக்குகிறார்கள், எந்த விளிம்பில் விழுந்தார்கள் என்று இடத்தின் பெயரோடு எழுதிவிட்டுப் போங்கள். இந்தி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை கணபதிக்கு என்னோடு வர வேண்டும், அந்தப் பிள்ளைகளிடமும் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பதாக இருக்கிறோம். ஆட்சியர்தான் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் தலைவர். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். மூட்டு தேயுமா என்ற கேள்வி மட்டும் வேண்டாம், அதற்கு டாக்டர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.